ஓலை வாசித்த பிறகு வந்த மழை

என் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்திருந்தார்கள். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை தாலி. மறுநாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. அது தொடங்கிவிட்டால் எங்கள் பங்கில் கிறிஸ்மஸ் முடியும்வரை கல்யாணம் வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் அந்தச் சனிக்கிழமையை விட்டால் தை மாதம்தான்.

நான் அப்போது இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாமசியில் வேலை செய்துகொண்டிருந்தேன். வருகிற சனம், மருந்துத் துண்டு, முதலாளியம்மா எல்லாமே சிங்களம். சுவரில் ஒரு டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். ஐப்பசி பிறந்ததிலிருந்து வானிலை அறிக்கையில் ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: சபரகமுவ மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யும். அது உண்மையும்தான். காலையில் கண்ணைக் கூசுகிற வெயில் அடிக்கும். பகல் ஏற ஏற மலைகளுக்குப் பின்னாலிருந்து மேகம் எழும்பிக் குவியும். பிற்பகலில் ஊற்றித் தள்ளிவிட்டு, பொழுது சாயும்போது ஒன்றும் நடக்காததுபோல் நின்றுவிடும். இந்த மழையோடு எப்படி வாழ்வது என்று எங்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்கு முன் துணியைக் காயவைத்துவிடுவோம். விடிவதற்கு முன்னே இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். அப்பா என் கல்யாணத்தையும் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். காலையில் பூசை, பகல் சாப்பாடு, இடி முழங்குவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் மலையிறங்கிவிட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டி.வி.யில் வசனம் மாறியது. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாகியிருக்கிறது, சபரகமுவ, மத்திய மாகாண மலைப் பகுதிகளில் நாள் முழுவதும் அவ்வப்போது பலத்த மழை பெய்யும் என்றார்கள். 'இரண்டு மணிக்குப் பின்னர்' என்ற சொல் அதில் இல்லை. மருந்து எண்ணிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. முதலாளியம்மா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"நங்கி, உன் கல்யாணம் இந்தச் சனிக்கிழமைதானே?" என்று சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி.

"ஆமாம்."

அவர் அன்று என்னை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எங்கள் லயம் மலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே தேயிலை, கீழே இறப்பர், நடுவில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒரு அறை. கடைசியில் உள்ள தொங்கல் காம்பரா எங்களுடையது. அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா பால் வெட்டிக்கொண்டிருந்தவர், முழங்கால் வலி வந்த பிறகு ஸ்டோரில் வாட்ச்சர் வேலை பார்க்கிறார். நான் ஒரே பிள்ளை. எனக்கு முன்பொரு தடவை நிச்சயம் ஆகி நின்றுபோயிருந்தது. அந்தப் பையன் வெளிநாடு போன இடத்தில் மனதை மாற்றிக்கொண்டுவிட்டான். என்மேல் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், நின்றுபோன கல்யாணம் என்றால் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். அந்தக் கதைகளை நான் டவுனுக்குப் போய் மறந்துவிடுவேன். அப்பாவும் அம்மாவும் தினமும் அதற்குள்தான் வேலைக்குப் போய் வந்தார்கள்.

இந்த முறை மாப்பிள்ளை வரக்காப்பொலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவர். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். கல்யாணத்துக்கென்று தன் வெள்ளை வேனையே கொடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா புருஷன் இல்லாமல் கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். பெண் பார்க்க வந்த அன்று அவரிடம் நான் இரண்டு வார்த்தைதான் பேசியிருந்தேன். மாப்பிள்ளையோடு போனில்தான் பழக்கம்.

புதன் இரவு தொடங்கிய மழை வியாழன் காலையிலும் விடவில்லை. வெயிலே வரவில்லை. லயத்துக்கு முன்னாலுள்ள வெளியில் பந்தலுக்கு நட்ட கம்புகள் ஈரத்தில் சாய்ந்து நின்றன. போனில் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறியது. சிங்களத்தில் வந்ததை நான் லயத்தில் எல்லாருக்கும் படித்துச் சொன்னேன். பெரும்பாலானவர்களுக்குச் சிங்களம் பேச வரும், படிக்க வராது. படித்து முடித்ததும் ஒரு கிழவர், "ஐப்பசியில அட மழ, கார்த்திகையில கன மழ. இது எப்பவும் உள்ளதுதானே" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அன்று பகல் அம்மா என்னைச் சமையல் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இத பாரு புள்ள."

குசினிக்கும் மண்மேட்டுக்கும் நடுவில், ஒருநாளும் தண்ணீர் வராத இடத்தில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் மேலிருந்து வரும். இது கீழிருந்து வந்தது, தேத்தண்ணி நிறத்தில். அதற்கு மேலே, தேயிலை முதல் நிரையின் அடியில், நிலம் வாய் பிளந்திருந்தது. என் கை நுழையும் அளவுக்கு.

"அப்பா பாத்தாரா?"

"பாத்தாரு. மண்ண அள்ளி மூடச் சொன்னாரு."

சாயங்காலம் கிராம சேவகர் குடையோடு மலையேறி வந்தார். அவரோடு பிரதேச செயலகத்திலிருந்து ஒருவர். பின்னாலிருந்த தண்ணீரையும் வெடிப்பையும் பார்த்துவிட்டு, லயத்துச் சனம் எல்லாம் அடுத்த மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். அப்பா வாசலில் நின்றார். அவருக்கு என்னைவிட நல்ல சிங்களம் வரும்.

"மாத்தயா, இது கல்யாண வீடு. நாளைக்கு ஒறவுக்காரங்க வர்றாங்க. சனிக்கெழம முடிஞ்சதும் நாங்களே எறங்கி வர்றோம்" என்று சிங்களத்தில் சொன்னார்.

"சனிக்கிழமை வரைக்கும் கந்த காத்திருக்குமா?" என்றார் அதிகாரி. கந்த என்றால் மலை.

"எத்தன வருஷமா இருக்கோம். இந்த மலை எங்களுக்கு ஒண்ணும் செய்யாது."

மற்றக் காம்பராக்காரர்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். கல்யாண வீடே அசையாவிட்டால் தாங்கள் ஏன் அசைய வேண்டும் என்பதுபோல் இருந்தது அவர்கள் முகம். அதிகாரி சலித்துப்போய் என் பக்கம் திரும்பினார்.

"நங்கி மொகத கியன்னே?" நீ என்ன சொல்கிறாய் தங்கச்சி என்று அர்த்தம்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சை நாலு பேர் முன்னால் நான் அதுவரை மீறியதில்லை.

"நாங்க போறோம்" என்றேன். முதலில் தமிழில் சொன்னேன். அப்பாவுக்காக. பிறகு சிங்களத்தில் சொன்னேன்.

அப்பா உள்ளே போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அடுப்புக்கு மேலே கட்டியிருந்த பெரிய அண்டாவை இறக்கினார். "இத ஆரு தூக்குறது?" என்றார். அவ்வளவுதான். இருட்டுவதற்குள் லயம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. அண்டா, அரிசி மூட்டை, பொலித்தீனில் சுற்றிய என் கல்யாணச் சேலை எல்லாம் ஐந்தாம் வகுப்பு மேசைகளில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் சிக்னல் வருகிற ஒரே இடமான தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்று மாப்பிள்ளைக்குப் போன் எடுத்தேன்.

"நாளைக்கு வராதீங்க" என்றேன்.

மழை இரைச்சலில் நான் குரலை உயர்த்தினேன்.

"கேக்குதா?"

"கேக்குது. கல்யாணம் வேணாம்னு சொல்றீங்களா?"

"கல்யாணம் வேணும். நாளைக்கு வேணாம். இங்க வெடிச்சுக் கெடக்கு. ரோட்டுக்கு மேல உள்ள மேடும் சரியில்ல. நீங்க வர்ற வேன் அந்த வளைவுலதான் ஏறணும்."

"கோயில் சுவாமி என்ன சொல்றாரு?"

"இன்னும் கேக்கல. மொதல்ல ஒங்ககிட்டதான் சொல்றேன்."

அவர் நீண்ட மூச்சு விட்டது கேட்டது. "அம்மா ஒத்துக்க மாட்டாங்க. பலகாரமெல்லாம் சுட்டாச்சு. ஒறவுக்காரங்க வந்துட்டாங்க."

"அவங்ககிட்ட குடுங்க. நான் பேசுறேன்."

மாமி போனை வாங்கினார். நான் சொல்லச் சொல்லக் கேட்டார். கடைசியில் மெதுவாகத்தான் சொன்னார்.

"மகள், ஓலை வாசிச்ச கல்யாணம் நிக்கக்கூடாது. ஒனக்கு ஏற்கெனவே ஒண்ணு நின்னிருக்கு. இதுவும் நின்னா ஊரு என்ன பேசும்? அந்தப் பேச்ச நீதான் கேக்கணும், நான் இல்ல. மழ நாளைக்கு விட்டுரும்."

"விடாது மாமி. அறிக்கையில சொல்லிட்டாங்க."

"அறிக்க சொல்றதெல்லாம் நடக்குதா?"

மழைச் சத்தத்துக்கு நடுவில் தொடர்பு அறுந்தது. திரும்ப எடுக்க எடுக்க லைன் கிடைக்கவில்லை. அன்று பகல் பங்குப் பாதிரியாரான சுவாமி நனைந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோயில் முற்றத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாகவும், நாளைக்குப் பூசையே வைக்க முடியாதென்றும் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டாலும், நான் படுத்த இடத்தில் கூரை ஒழுகியபோது மேசையை இழுத்துப் போட்டு இடம் மாற்றித் தந்தார்.

சனிக்கிழமை விடியும்போது எச்சரிக்கை சிவப்பு. காற்று இல்லை, இடி இல்லை. வானம் ஒரே சாம்பல் நிறத்தில் கீழிறங்கி வந்து தேயிலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. எதிர் மலை தெரியவில்லை. பெண்கள் சிலர் பெரிய அண்டாவில் கஞ்சி வைத்தார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய அரிசி.

நான் தொட்டிக்குப் பக்கத்தில் போனோடு நின்றேன். திடீரென்று சிக்னல் ஒரு கம்பி வந்தது. ஒரு மெசேஜ் விழுந்தது. மாப்பிள்ளையின் தங்கச்சி விடியற்காலையில் அனுப்பியது, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. 'அண்ணன் வேணாங்குறாரு. அம்மாவும் மாமாவும் கேக்கல. ருவன்வெல்ல வழியா வர்றோம்.'

அதைப் படித்து முடிக்கும்போது சிக்னல் போய்விட்டது. அதன் பிறகு வரவேயில்லை. டவருக்குக் கரண்ட் இல்லை என்று பிறகு அறிந்தோம். அப்போது அது தெரியாது. போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். விடியற்காலையில் கிளம்பியிருந்தால் இந்நேரம் அவிசாவளையைத் தாண்டியிருப்பார்கள். வெள்ளம் மறித்திருந்தால் திரும்பியிருப்பார்கள். மறிக்காவிட்டால் எங்கள் அடிவாரத்துக்கு வந்திருப்பார்கள். அடிவாரத்திலிருந்து தோட்டத்து ரோட்டில் ஏறினால் அந்த வளைவு.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார்.

"ஆரெல்லாம் வர்றாங்க?"

"அவங்க வீட்டாளுங்க எல்லாரும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் இடி என்று நினைத்தோம். இடி முழங்கி ஓயும். இது ஓயவில்லை. தரைக்குள்ளிருந்து வந்தது. மேசையில் இருந்த அலுமினியக் கோப்பைகள் நடுங்கின. மரங்கள் ஒன்றன் மேல் ஒன்று முறியும் சத்தம் அதற்குள் கேட்டது. பிள்ளைகள்கூட அழவில்லை. அது நின்றபோது மழைச் சத்தம் மட்டும் இருந்தது, முன்பைவிடச் சின்னதாக.

பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினோம். பனிமூட்டம் கொஞ்சம் விலகியபோது லயம் தெரிந்தது. முழு லயம் இல்லை. எங்கள் தொங்கலுக்கு மறுமுனையில் இருந்த காம்பராக்கள் இல்லை. அங்கே மலையிலிருந்து கீழ்வரை ஒரு சிவந்த பட்டை இறங்கியிருந்தது. பந்தல் கம்பு நின்ற வெளியும் இல்லை. அந்தப் பட்டை இறப்பர் மரங்களுக்குள் நுழைந்து, ரோட்டுப் பக்கமாகப் போய் மறைந்தது. அந்தக் காம்பராக்காரர்கள் எல்லாரும் என் பின்னால்தான் நின்றார்கள். ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதற்குப் பிடித்தாள் என்று நினைக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் ரோட்டைத்தான் நினைத்தேன்.

அப்பா கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஆண்கள் சிலர் பின்னால் போனார்கள். நானும் போனேன். யாரும் தடுக்கவில்லை. சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. அட்டைகள் காலில் ஏறியதுகூடப் பிறகுதான் தெரிந்தது. முழங்கால் வலிக்காரரான அப்பா எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

வளைவுக்கு வந்தோம். ரோடு இல்லை. ஆளுயரத்துக்கும் மேலே சிவப்பு மண், வேரோடு பிடுங்கிய இறப்பர் மரங்கள், லயத்துத் தகரம், ஒரு கதவு. அதற்கடியில் என்ன இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. மண் இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கிட்டே போகப் போன ஒருவனை அப்பா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வேன் இதுக்குள்ள இருக்குமோ?" என்று ஒருவர் கேட்டார். மற்றொருவர் அவரை அதட்டினார்.

நான் கூப்பிட்டேன். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவரை நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். மண்ணுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஆள் குரல் கேட்டது. நிறையக் குரல்கள். சிங்களம். அடிவாரக் கிராமத்து ஆட்கள் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வந்திருக்கிறார்கள். நான் கைகளை வாயில் குவித்துச் சிங்களத்தில் கத்தினேன்.

"வெள்ளை வேன் ஒன்று! கல்யாண வேன்! பார்த்தீர்களா?"

அவர்கள் ஏதோ திரும்பக் கத்தினார்கள். மழையில் பிடிபடவில்லை. திரும்பக் கேட்டேன். ஒரு பெண் குரல் மற்றக் குரல்களைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி.

"வேன் எக்க... பன்சலே. ஒக்கோம... இன்னவா."

வேன் பன்சலையில், புத்த விகாரையில், நிற்கிறது. எல்லாரும் இருக்கிறார்கள்.

நான் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை, அப்பாவுக்கு விளங்கிவிட்டது. அவர் அப்படியே சேற்றில் குந்தினார். கம்பை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியை அதில் வைத்துக்கொண்டார். தலை நிமிராமலே சொன்னார்.

"சாப்பிட்டாங்களான்னு கேளு."

நான் கேட்டேன். சாப்பிட்டார்கள் என்று அந்தப் பெண் கத்தினாள்.

மறுநாள் மழை குறைந்தபோது, ஓடைக்கு அப்பால் உள்ள இறப்பர் மலை வழியாகச் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்கு வாங்கிய கால்சட்டை முழங்கால்வரை சேறு. தோளில் பன்சலையில் கொடுத்த பாண் ரொட்டி மூட்டை. நடந்ததை அவர்தான் சொன்னார். தோட்டத்து ரோட்டில் வேன் திரும்பும் இடத்தில் சின்னக் கடை வைத்திருக்கிற ஒரு பெண், கைகளை விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றாளாம். மேலேயிருந்து கல் உருண்டு வருகிறது, போகாதீர்கள் என்றாளாம். மாமியும் மாப்பிள்ளையின் தாய்மாமாவும் இறங்கி நடந்தாவது போவோம் என்று பலகாரப் பெட்டியைத் தூக்கினார்கள். மாப்பிள்ளை பக்கத்திலிருந்த பன்சலை மண்டபத்தில் போய்ச் சுவரோடு உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை இல்லாமல் எங்கே போவது? அவர்கள் திட்டிக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டதாம்.

"நீங்க சொன்னத அன்னைக்கே நான் வீட்ல சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொன்னீங்கதானே. ஒங்க தங்கச்சி எழுதியிருந்தா."

"மெதுவாச் சொன்னேன்."

நான் அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார். அதுதான் நாங்கள் நேரில் தனியாகப் பேசிய முதல் தடவை.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டிருந்தது. இடம்பெயர்ந்த நேரத்தில் எளிமையாகக் கல்யாணத்தை மந்திரித்து வைக்கலாம் என்று சுவாமி சொன்னார். நாங்கள் இருவரும் பேசி, தைக்குத் தள்ளி வைத்தோம். ஊர் பேசத்தான் செய்தது. ஆனால் என்னைப் பற்றி இல்லை. தை மாதக் கல்யாணத்தன்று மாமி என் தலையில் பூ வைத்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை அவர் மறந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒன்னய அன்னைக்குக் கடுமையாப் பேசிட்டேன்" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, கொண்டை ஊசியை வாயில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

இப்போது நான் வரக்காப்பொலையில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்து லயத்திலேயேதான். மிஞ்சிய காம்பராக்களில் குடியிருக்கக் கூடாது என்று சுவரில் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். வேறு இடம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் தரவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் சனம் திரும்பவும் அதே கூரைக்குக் கீழே போய்விட்டது. வேறு எங்கே போவது?

ஐப்பசி வந்துவிட்டால் ஒவ்வொரு நாள் பகலும் போன் எடுப்பேன். கையில் அன்றைய அறிக்கை இருக்கும்.

"அங்க மழையாப்பா?"

"இல்ல புள்ள. இங்க நல்ல வெயிலு" என்பார். அவர் குரலுக்குப் பின்னால் தகரத்தில் மழை கொட்டுவது எனக்குக் கேட்கும்.

"அம்மாகிட்ட குடுங்க" என்பேன்.

அம்மா வாங்குவார். உடுப்புப் பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டதாகவும், நான் சொன்னால் இறங்குவதாகவும் சொல்வார். அப்பா பக்கத்தில் நின்று, எறங்கணும்னா இருட்டுறதுக்கு முன்னாடியே புள்ளையச் சொல்லச் சொல்லு, என்று முணுமுணுப்பதும் கேட்கும்.